சொன்னால் கேட்காத பெண்

கரமனை அக்ரகாரத்தில் ஒரு கல்யாண வீடு. மழையால் கூடம் இருட்டாக இருந்தது. என் லென்ஸுக்கு அந்த வெளிச்சம் போதாது. மக்னீசியம் பொடியைக் கொளுத்தித்தான் குழந்தைகளைப் படமெடுக்க வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக் கொளுத்தினேன். வெடித்த சத்தத்தில் குழந்தைகள் அலறினார்கள். ஒரு சிறுமி மட்டும் அந்த நேரம் பார்த்துத் திரும்பி நின்று, படம் பதியும் கண்ணாடி பிளேட்டைக் கெடுத்துவிட்டாள்.

"சொன்னாக் கேக்காதா இது?" என்று கத்தினேன்.

"கேக்காது ஸாரே," என்றாள் அவள் அம்மா. "பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது."

அடுத்த பிளேட்டை மாட்டினேன். அம்மா சைகை காட்ட, சிறுமி அசையாமல் நின்றாள். மறுபடி எண்ணினேன்.

பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன். "மூணு" காதில் விழுந்ததுமே வெடிக்குப் பயந்து எல்லாக் குழந்தைகளும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள். அவள் ஒருத்திதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாக் கேக்காதா" என்று அப்புறம் எந்தக் குழந்தையைப் பார்த்தும் நான் கேட்டதில்லை.