இரண்டாம் முறை துடைத்த தரை

ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் அருள்மேரி எடுத்துக்கொண்டதில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய குப்பத்திலிருந்து காலை ஆறு மணி பஸ் ஏறி, பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் இறங்குவாள். அங்கே ஒரே கட்டடத்தில் நான்கு ஃபிளாட்கள் அவள் பொறுப்பு. எல்லாமே தீப்பெட்டி மாதிரி வீடுகள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் முழங்கை மற்றவர் மேல் இடிக்கும்.

நுழைந்ததும் ஜன்னல்களைத் திறப்பாள். பாத்திரங்களை ஊறப் போட்டுவிட்டுப் படுக்கையை உதறி மடிப்பாள். பெருக்குவதை உள் மூலையில் தொடங்கி வாசலில் முடிப்பாள். பாத்திரம் கழுவியானதும் சிங்க்கை உலர்ந்த துணியால் துடைத்துவிடுவாள். ஈரம் நின்றால் கரப்பான் வரும். தரை துடைத்த பின் குளியலறை. கடைசியாகத் துடைத்த துணியை அலசிப் பிழிந்து, பின்பக்கக் கம்பியில் விரித்துப் போட்டால் வேலை முடிந்தது. இதை ஒரு நாள் விட்டாலும் மறுநாள் அந்த வீடு குப்பைக் கூடை ஆகிவிடும் என்று இரண்டாவது மாடி பாக்கியலட்சுமியிடம் சொல்வாள். ஆபீசில் வேலை பார்க்கும் விதவையான பாக்கியலட்சுமிக்கு அருள்மேரி இல்லாமல் பொழுது விடியாது. மகள் சத்யப்ரியாவும் 'மேரிக்கா, மேரிக்கா' என்று சுற்றி வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அருள்மேரி வேலைக்குப் போவதில்லை. 2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதி மட்டும் போனாள். சத்யப்ரியாவைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறவன், பத்தே நாள் லீவில் வந்திருந்தான். மார்கழியில் பெண் பார்க்க வருவதா என்று மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்பு. அரை நாள் மட்டும் வந்து போ என்று பாக்கியலட்சுமி கெஞ்சிக் கேட்டிருந்தாள்.

நான்காவது படிக்கும் மகள் ஆஷ்லின் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அருள்மேரி கிளம்பிவிட்டாள். கணவன் இன்னாசிராஜ் கரையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகப் பன்னிரண்டரை ஆனது. அதுவரை அவளுக்குச் சமையலறையிலும் பின்பக்கத் தொட்டியிலும் வேலை ஓயவில்லை. ஹாலில் டிவி ஓடவில்லை. விருந்தாளிகள் போனதும், ஹாலை இன்னொரு முறை துடைத்துவிடச் சொன்னாள் பாக்கியலட்சுமி. துடைத்து முடித்துத் துணியை விரித்துப் போட்ட பிறகுதான் பாக்கியலட்சுமி பக்கத்தில் வந்து நின்று, உங்கள் ஊர்ப் பக்கம் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டதாம், எதற்கும் போய்ப் பார் என்றாள். அப்போது மணி ஒன்று.

பஸ் நின்றுபோயிருந்தது. காலாப்பட்டுவரை ஒரு வேனில் போய், அங்கிருந்து நடந்தும் ஓடியும் அருள்மேரி கீழ்புத்துப்பட்டைத் தாண்டி ஊரை அடைந்தபோது ஐந்து மணி. ஊர் இல்லை. அவள் வீடு நின்ற இடத்தில் யாருடையதோ ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. கால் முறிந்து நினைவில்லாமல் கிடந்த இன்னாசிராஜைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளை அவரவர் தாய் தகப்பன் காலையிலிருந்தே தேடியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளை மத்தியானம் வேலிக்காத்தான் முள்ளுக்குள்ளிருந்து உயிரோடு தூக்கி வந்திருந்தார்கள். ஆஷ்லினைத் தேட மட்டும் ஆள் இல்லாமல் போனது.

செவ்வாய்க்கிழமை காலை, உப்பளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலில் ஆஷ்லின் கிடைத்தாள். பார்த்தவர் உப்பளத் தொழிலாளி பலராமன். தன் துண்டைப் போர்த்திவிட்டு வந்து சொன்னார். நல்ல மனிதர்தான்; ஆனால் சொல்ல வேண்டாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பிள்ளையின் கை ஒரு முள்ளுக் கிளையை இறுகப் பிடித்திருந்ததாம், பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம். அந்த ஒரு வார்த்தையை அருள்மேரியால் பிறகு எந்த நாளும் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை. பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ.

ஜனவரி கடைசியில் தார் ஷீட் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டடி. சட்டி, அடுப்பு, பாய், காலில் கட்டோடு படுத்திருக்கும் புருஷன் எல்லாம் அதற்குள். மறுநாளே அருள்மேரி விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். கயிறு கட்டிப் பாயைச் சுருட்டித் தொங்கவிட்டாள். தின்ற தட்டு அடுத்த நிமிடமே கழுவியாக வேண்டும். செருப்பு வெளியே. ஆனால் கடற்கரை மணல் விடுகிறதா? பெருக்கி முடித்துத் திரும்புவதற்குள் காற்று மறுபடி கொண்டுவந்து கொட்டும். இருபது நிமிட வேலை ஒரு மணி நேரமானது, பிறகு நாள் முழுவதுமானது. அடுத்த கொட்டகை அருக்காணி, பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா விளக்குமாறும் கையுமாக இருப்பாள் என்று குழாயடியில் பேசியது அவள் காதுக்கும் வந்தது.

இன்னாசிராஜ் அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு ஒரு நாள், காலை நகர்த்தச் சொல்லி அவள் அவனைச் சுற்றிப் பெருக்கியபோது பேசினான்.

"ஊரே புள்ளைங்கள தேடிக்கினு இருந்துச்சு. நீ எவ வூட்டுலயோ தொடச்சிக்கினு இருந்தே."

"எனக்குத் தெரிஞ்சதும் ஓடியாந்தேன்."

"அஞ்சு மணிக்கு வந்தே."

அதன் பிறகு, மனம் கசந்தபோதெல்லாம் அவன் அந்த ஐந்து மணியைச் சொன்னான். அவளும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். தன் மேல்தான் தப்பு என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

கால் கூடினாலும் இன்னாசிராஜால் படகு ஏற முடியவில்லை. ஏப்ரலில் அருள்மேரி மறுபடி லாஸ்பேட்டைக்குப் போனாள். பாக்கியலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முன்பு இல்லாத பரிவெல்லாம் காட்டினாள்: வந்ததும் காபி, போகும்போது பாட்டிலில் சாம்பார், பழுதில்லாத புடவை இரண்டு. இப்படி ஒரு மனுஷி இருக்கிறாளே என்று அருள்மேரி கோயிலில் அவளுக்காகவும் ஜெபித்தாள்.

ஆவணியில் சத்யப்ரியாவின் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் ஜூனில் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்தாள். பாக்கியலட்சுமி மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலை, ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்த அருள்மேரியையே பார்த்தபடி சத்யப்ரியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கை வைத்திருந்தாள்.

"மேரிக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"இன்னா பாப்பா, வலிக்குதா?"

"அன்னிக்கு அம்மாவுக்குப் பத்து மணிக்கு முன்னாடியே தெரியும்க்கா. மாமா போன் பண்ணி, மரக்காணம் வரைக்கும் குப்பமெல்லாம் போச்சுன்னு சொன்னாரு. அம்மாதான் டிவிய ஆஃப் பண்ணிட்டாங்க. உங்ககிட்ட சொன்னா அழுவீங்க, வர்றவங்க அபசகுனம்னு போயிடுவாங்கன்னு. நானும் பேசாம இருந்துட்டேன்."

அருள்மேரி துணியைத் தரையில் அழுத்தியபடியே இருந்தாள். பத்து மணிக்குக்கூட பஸ் ஓடியது என்று பக்கத்து வீட்டுக்காரி என்றோ சொல்லியிருந்தாள். மனது தானாகக் கணக்குப் போட்டது. பதினொன்றுக்கு ஊர். பிள்ளைகளை முள்ளுக்குள்ளிருந்து தூக்கியது மத்தியானம்.

பாக்கியலட்சுமி பைகளோடு உள்ளே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பத்து மணிக்கே தெரியுமாம்மா?" என்று அருள்மேரி கேட்டாள். குரல் உயரவில்லை.

"ஏதோ கொஞ்சம் தண்ணி ஏறிடுச்சுன்னுதான் நெனச்சேன் மேரி. இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? ஒரே பொண்ணு எனக்கு..."

அருள்மேரி எழுந்தாள். துணியை அலசினாள், பிழிந்தாள், பின்பக்கக் கம்பியில் நான்கு முனையும் இழுத்து விரித்தாள். வாளியைக் கவிழ்த்தாள். கை கழுவிக்கொண்டு படியிறங்கினாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான், அந்த நேரத்திலும் துணியை ஒழுங்காக விரித்துவிட்டு வந்திருக்கிறோமே என்று உறைத்தது. தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானமே திரும்பியவளை இன்னாசிராஜ் ஏனென்று பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கேட்டது கேட்டபடி.

"அந்தப் பொம்பளைக்கு எம் புள்ள பேராவது தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளுக்குப் பாவாட சட்ட எடுத்துக் குடுக்கும்."

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். ஒன்றரை வருஷமாக வராத அழுகை அன்றுதான் அவனுக்கு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவன் முதுகில் கை வைக்க நினைத்தாள், வைக்கவில்லை. அந்த ஐந்து மணியை அவன் அதற்குப் பிறகு சொன்னதில்லை. ஆனால் மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பத்து நாள் அருள்மேரி கொட்டகையைப் பெருக்கவில்லை. பாத்திரத்தில் ஈ மொய்த்தது, மணல் அடுப்புவரை ஏறியது. பதினோராம் நாள் அருக்காணி உள்ளே வந்து, பாதியைப் பெருக்கிவிட்டு விளக்குமாற்றைச் சாத்தி வைத்துப் போனாள்.

பாக்கியலட்சுமி ஃபிளாட் வாட்ச்மேனிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். சத்யப்ரியாவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, ஒரு தரம் வந்து பார்த்துவிட்டாவது போகட்டும் என்று. அருள்மேரி போகவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஊருக்கு மேற்கே, வீடு இழந்தவர்களுக்காகக் கட்டிய காரை வீடு ஒன்று கிடைத்தது. கடல் தெரியாத இடம், சத்தம் மட்டும் கேட்கும். அவள் அலுமினிய அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறி, பெருமுக்கல்லில் இறங்கித் தெருத் தெருவாக விற்றாள். சில வீட்டுக்காரிகள் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள். அவள் வாசலோடு நின்று, மீனை நறுக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள்.