எஸ்தரின் இடது கைப் பூக்கள்

நான் செய்த தவற்றுக்கு ஒரு பெண்ணின் இடது கையைக் காரணம் சொல்லித் தப்பித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லப் போனால் வழியில் எங்காவது கதையை எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், செருப்பு தைப்பவரிடம் வார் அறுந்த செருப்பைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். அவர் டப்பாவைத் திறந்ததும் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை முகத்தில் அடித்தது. என் முகம் எப்படிப் போயிற்றோ, "இன்னா சார், மயக்கமா கீதா? அப்டி குந்து" என்று ஒரு மரப்பெட்டியைத் தள்ளிவிட்டார். குந்தினேன். மயக்கம் ஒன்றுமில்லை. அந்த வாசனை என்னை எண்பதுகளின் பின்பாதிக்குக் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான்.

அப்போது தாம்பரத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கான ஷூ செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஷூக்கள். நடக்கவே தெரியாத குழந்தைக்கு ஷூ எதற்கு என்று என் மனைவி கேட்பாள், எனக்கும் தெரியாது. ஒவ்வொரு ஷூவின் முனையிலும் வெள்ளை நூலில் பின்னிய ஒரு சிறு பூ இருக்கும். குரோஷா ஊசியில் அந்தப் பூவைப் போடுவதற்குச் சேலையூர்ப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வீட்டு வேலை முடித்து, பிற்பகலில் வாசற்படியில் உட்கார்ந்து போடுவார்கள். வேதியியலில் பட்டம் வாங்கிய நான் செவ்வாய்க்கிழமைதோறும் போய் அந்தப் பூக்களை வாங்கிவருவேன்.

பூக்கள் சிதறாமலிருக்க அவற்றை நூலில் சரமாகக் கோத்துத் தருவது அவர்கள் வழக்கம். கமலா என்று ஒருவர் இருந்தார், வாய்த்துடுக்கு அதிகம். சரத்தைக் கொண்டையில் வைத்துக்கொண்டு, "இன்னா சார், ரெண்டு முழம் எட்துனு போயி வூட்ல குடுக்கிறது. வாடவே வாடாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எஸ்தர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பொத்துவதும் இடது கையால்தான்.

எஸ்தருக்கு எல்லாமே இடது கை. கணவர் பெயின்டர், நான்கு வயதில் பிரின்சி என்று ஒரு பெண். எஸ்தர் கொண்டுவந்த முதல் சரத்தைப் பார்த்தபோது ஏதோ தவறு என்றுதான் நினைத்தேன். அந்தப் பூவில் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, காற்றாடி போல ஒரு பக்கமாகச் சுழன்றிருக்கும். மற்றவர்களின் பூ ஒரு பக்கம் சுழன்றால் எஸ்தரின் பூ எதிர்ப்பக்கம் சுழன்றது. இரண்டையும் ஒரு ஜோடி ஷூவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் பார்ப்பது போலிருந்தது. ஒன்று இடது காலுக்கென்றே, மற்றது வலது காலுக்கென்றே பிறந்தது மாதிரி.

சாம்பிளாக அனுப்பிய அந்த ஜோடியைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரர் பெரிய ஆர்டர் கொடுத்தார். "எப்படிய்யா இது?" என்று முதலாளி கேட்டார். "பேட்டர்ன் ஒண்ணு யோசிச்சேன் சார்" என்றேன். எஸ்தரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. "நீ இப்படியே போடும்மா, மாத்தாதே" என்று மட்டும் சொன்னேன். தன் பூ இல்லாமல் ஜோடி இல்லை என்று தெரிந்தால் தலைக்கனம் வந்துவிடும் என்று அப்போது நினைத்தேன். யாருடைய தலையைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று இப்போது புரிகிறது. கமலாவிடம் ஒருமுறை இடது கையால் போடச் சொல்லிப் பார்த்தேன். "இது பேஜாரு சார், நம்மால ஆவாது" என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பூவைக் கவிழ்த்துத் தைத்தால் சுழற்சி மாறும்தான். ஆனால் முடிச்சும் நூல் முனையும் மேலே தெரியும்.

அதனால் கம்பெனியில் இரண்டு சாக்கு வைத்திருந்தேன். ஒன்றில் எஸ்தரின் பூக்கள், மற்றதில் அவற்றுக்கு ஈடாக மற்றவர்களின் பூக்கள்; மிச்சப் பூக்கள் வேறு சரக்குக்குப் போகும். தைக்கும் பெண்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுப்பார்கள்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. கிடங்கின் கூரை ஒழுகி, சாக்குகள் இருந்த மூலைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நான் பதறிப்போய் இரண்டு சாக்கையும் ஒரே டிரம்மில் கவிழ்த்தேன். கவிழ்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. உட்கார்ந்து பிரித்திருக்கலாம்; இரண்டு நாள் வேலை. அதற்கு முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி சரக்கு ஏற்ற வரும் லாரியை நிறுத்த வேண்டும். இத்துனூண்டு பூவில் திசையை எவன் பார்க்கப் போகிறான் என்று, கைக்கு வந்ததை எடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டேன்.

பார்த்தார்கள். சரக்கு முழுவதையும் வேண்டாம் என்றார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு ஜோடி கிடந்தது, இரண்டிலும் ஒரே பக்கம் சுழன்ற பூ.

"என்னய்யா இது?"

"ஒரு பொம்பளை இடது கையால போடறா சார். அவ பூவெல்லாம் திரும்பிக்குது. கவனிக்காம விட்டுட்டேன்."

"பீச்சாங்கையாலயா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவர் எதுவும் விசாரிக்கவில்லை. இனி அவளுக்கு நூல் கொடுக்க வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோரும் கூடியிருக்கும்போதே எஸ்தரிடம் சொன்னேன். தனியாகச் சொல்லத் தைரியமில்லை. "உன் பூ திரும்பிக்கிட்டிருக்கும்மா. அதனாலதான் ஆர்டரே போச்சு."

அவள் கையிலிருந்த சரத்தைப் பார்த்தாள். "நீங்கதான சார் இப்படியே போடுன்னீங்க?"

கணக்கு நோட்டைப் புரட்டினேன். கமலாகூட அன்று ஊசியை எடுத்துக் குனிந்துகொண்டார். எஸ்தர் மிச்சமிருந்த நூல்கண்டுகளை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சம்பள உயர்வு தள்ளிப்போனதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. சில வருடங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்த மழைக்குப் பத்து வருடங்களுக்குப் பிறகு கமலாவை மார்க்கெட்டில் பார்த்தபோது எஸ்தரைப் பற்றிக் கேட்டேன். "அது ஊசிய வுட்டு எவ்ளோ நாளாச்சு சார். ஸ்கூல்ல ஆயா வேலை பாத்துனுகீது" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய முதலாளிக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தின் நகலையும், என்னிடம் தங்கிவிட்ட அந்த சாம்பிள் ஷூ ஜோடியையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனேன். பல்லாவரத்தில் குரோஷா தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த ஒருவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். படித்தவன் பரிகாரம் செய்யக் கிளம்பினால் இப்படித்தான், காகிதமும் சிபாரிசுமாக.

எஸ்தர் நாற்காலி போட்டாள். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிரின்சி தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சாக்கு, மழை, டிரம், முதலாளியிடம் சொன்ன பொய். "உன் பூவுல தப்பே இல்லம்மா. உன் கை இல்லன்னா அந்த ஆர்டரே வந்திருக்காது."

அவள் இரண்டு ஷூவையும் சேர்த்து வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குத்தான் இப்படியே போடுன்னீங்களா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம் சார்."

பல்லாவரம் வேலையைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு மகளைக் காட்டி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "இவளுக்கும் இடது கைதான் சார். அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதும் வீட்டுக்கு வந்தேன். இவ ஸ்லேட்ல அந்தக் கையால எழுதிக்கிட்டிருந்தா. நாளைக்கு இவளும் நாலு பேர் முன்னால பேச்சு வாங்கக் கூடாதுன்னு கையத் துண்டால பின்னால கட்டிப் போட்டேன். ஒரு வருஷம் கட்டினேன். ராத்திரியில மட்டும் அவுத்து விடுவேன்."

சில மாதங்கள் கழித்து மறுபடி போனேன். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. எஸ்தர் குடும்பம் முடிச்சூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், விலாசம் தெரியவில்லை. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசற்படியில் உட்கார்ந்து பூப்போட்ட அந்தத் தெருவில் வாசற்படிகளே இல்லை, எல்லாம் கார் நிறுத்துமிடம். அவையெல்லாம் நான் பொய் சொல்லாவிட்டாலும் எப்படியும் போயிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் எழுந்திருக்கப் போனபோது எஸ்தர் மகளிடம், "அந்தக் கையால உன் பேரை எழுதும்மா, பார்ப்போம்" என்றாள். பிரின்சி நான் கொடுத்த கடிதத்தைத் திருப்பிப்போட்டு, பேனாவை இடது கைக்கு மாற்றினாள். விரல்கள் பேனாவை எங்கே பிடிப்பது என்று தேடின. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சரிந்தது.

"இந்தக் கைக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்று சிரித்தாள்.

எஸ்தர் சிரிக்கவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீவிவிட ஆரம்பித்தாள். வருகிறேன் என்று நான் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.