அம்பர் நிறம்

எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டுகள் வெளிறிப்போய் வருகின்றன, 'அம்பர்' நிறத்தில் இருப்பதில்லை என்று லண்டனிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. காரணத்தைக் கண்டுபிடி என்று அவர் அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்து, மலாயாவில் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வந்து உட்கார்ந்தவன் நான். தெரியாத சொல் ஒன்று எதிரே கிடந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அகராதியைப் புரட்டினேன். கடலிலிருந்து கரை ஒதுங்கும் ஒரு வாசனைப் பொருளுக்கு அரபியர் வைத்த பெயராம் அது. அதேபோலக் கரை ஒதுங்கிய, பழங்காலத்து மரப்பிசின் இறுகிய மஞ்சள் கட்டிக்கும் ஐரோப்பியர் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள். பிறகு அந்தக் கட்டியின் நிறத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. எல்லாம் சரி, நிறம் மட்டும் கண்ணில் வரவில்லை. மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

பகாவில் துணிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரரிடம் கேட்டேன்.

"அம்பரா? அது அத்தர் சாமான்லா தம்பி. சாம்பக் கலர்ல இருக்கும்," என்றார். நான் பிசினைப் பற்றிச் சொன்னதும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, தொழுகைக்குப் பின் உருட்டும் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்தார். "வெள்ளைக்காரன் சொல்றது இந்த மணியை. மக்காவுலேர்ந்து வந்தது. பத்திரமா திருப்பிக் கொண்டாந்துரணும்."

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தேனுக்கும் கருப்பட்டிப் பாகுக்கும் நடுவில் ஒரு நிறம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அங்கிருந்து நேரே புகைக்கூடத்துக்கு மிதித்தேன். அதைப் பார்த்துக்கொண்டவர் சேலம் பக்கத்துப் பெரியவர். மனைவி இல்லை. ஒரே மகள் அதே தோட்டத்தில் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டினாள், ஏழு மாதக் கர்ப்பம். விறகுப் புகையில் நாட்கணக்காகத் தொங்கும் ஷீட்டுகளை எப்போது இறக்குவது என்பது அவர் கண்ணளவுதான்.

மாலையை அவர் கையில் கொடுத்து, ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். "ரெண்டும் ஒரே நிறமோ?"

"அதே நெறந்தாங்க ஐயா."

அது முந்தின நாள்தான் புகையில் ஏற்றிய, வெளுப்பு மாறாத ஷீட். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினேன்.

"இது?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "இதுவும் அப்படித்தாங்க தெரியுது," என்று மாலையை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

கண்ணில் படலம் விழுந்து உலகமே அவருக்கு அம்பராகியிருந்தது. வேகாத ஷீட்டும் வெந்ததாகத் தெரிய, முன்னதாகவே இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னா ஊருக்குக் கப்பல் ஏத்திருவாங்களே ஐயா. அவளுக்குத் தலைப்பிரசவம். தாயில்லாப் புள்ளை. ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க, அப்புறம் நானே போய்ச் சொல்லிப்புடறேன்."

சரி என்று தலையாட்டினேன். உண்மையாகவே ஆட்டினேன்.

ஆனால் அந்த மாலை என் பையில் கிடந்து உறுத்தியது. அரபியிலிருந்து புகைக்கூடம் வரைக்கும் ஒரு சொல்லைத் துரத்திப் பிடித்திருக்கிறேன், அது யாருக்கும் தெரியாமல் போவதா? மறுநாள் காலை, "என்ன கண்டுபிடித்தாய்?" என்று துரை கேட்டார். அடுப்பு சரியில்லை, விறகு ஈரம் என்று ஆயிரம் பொய் இருந்தது. நான் கடலில் தொடங்கி, பிசினுக்கு வந்து, பெரியவர் கண்ணில் கொண்டுபோய் முடித்தேன். கெட்டிக்காரன் என்று துரை தோளில் தட்டினார். நுணலாவது தன் வாயால் தானே கெடுகிறது. நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தேன்.

பத்தாம் நாள் அவரைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். லாரி ஏறுமுன் தடவித் தடவி ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

"தொரையே பாத்துக் கண்டுபுடிச்சிருப்பாருங்க. நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளை பொறந்ததும் ஒரு காயிதம் போடுங்க ஐயா. ஆணா பொண்ணா, கறுப்பா செவப்பான்னு எழுதுங்க. யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்க."

எழுதுகிறேன் என்றேன்.

பெண் பிறந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போனேன். வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மகள் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து அதன் முகத்தை மூடினாள். மூடியபடியே நிமிர்ந்து பார்த்தாள். தகப்பனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று முறை கடிதத்தைத் தொடங்கினேன். பெண் குழந்தை என்று எழுதுவேன், அதோடு பேனா நின்றுவிடும். கறுப்பா சிவப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.