மலையைச் சுற்றிய அம்பு

செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் லாட்ஜில் சர்வர் கம்ப்யூட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. எந்த ரூம் காலி, யார் எப்போது வருகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள்தான். அதை வாங்கிப் பொருத்தி ஓடவிட்டவள் என் மகள். அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனதும், என் வீட்டுக்காரர் கிணற்றடியில் நின்று அவளைத் தலைமுழுகினார். ஈரத் தலையோடு உள்ளே வந்து, என்னையும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அவளோடு பேசக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது. உள்ளங்கை சுட்டது. செய்தேன்.

சர்வரை மட்டும் அவர் தலைமுழுகவில்லை. புக்கிங் வருகிறதே!

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், தங்கியிருந்தவர்கள் எல்லாம் காலி செய்துகொண்டு போன பிறகு, திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. நான் மவுஸைத் தொடவே இல்லை. பேயோ பிசாசோ என்று வெலவெலத்துப் போனேன். அது எதையெதையோ திறந்து சரிபார்த்து மூடியது. பிறகு, திரையில் படமாக வைத்திருக்கும் எங்கள் மலையை வலமாக ஒரு சுற்று சுற்றி, அடிவாரத்தில் வந்து நின்றது. யோசிக்கும்போதெல்லாம் மவுஸால் மலையைச் சுற்றுவது என் மகளின் பழக்கம். "கால் வலிக்காம கிரிவலம்மா" என்பாள், கழுதை.

எங்கிருந்தோ நெட் வழியாக உள்ளே வந்து, அப்பாவின் தொழிலைக் கவனித்துவிட்டுப் போகிறாள். தினமும் வந்தாள். அம்பு பேசாது, அதற்கு முகமும் கிடையாது. சத்தியம் வாங்கியவர் அதைச் சேர்க்க மறந்தால் நான் என்ன செய்ய? மத்தியானச் சோற்றைத் தட்டோடு எடுத்துவந்து திரை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். "நம்ம கம்ப்யூட்டரு கோளாறே இல்லாம ஓடுது பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வார். ஓடாமல் என்ன செய்யும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பிறகு, ஸ்பீடு கம்மி என்று சொல்லி அவர் வேறு கம்பெனி நெட்டுக்கு மாற்றினார். பழைய நெட் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சுவரில் புதுப் பெட்டி மாட்டினார்கள். எல்லோர் போனிலும் நெட் வந்தது, கவுன்டர் கம்ப்யூட்டரிலும் வந்தது. சர்வரில் மட்டும் இல்லை. பௌர்ணமி நெருங்கும் நேரத்தில் புக்கிங் நின்றுபோனதே என்று அவர் குதித்தார். எனக்குப் புக்கிங்கா கவலை? அம்பு அசையவில்லை. காரணம் நெட்தான் என்று தெரிந்தும், அவளுக்கு உடம்புக்கு ஏதாவதோ, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை.

அவர் ஒரு சர்வீஸ்காரரைக் கூட்டிவந்தார். வந்தவர் ஒயரை மாற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்தார். கவுன்டரிலிருந்து சர்வருக்குப் போக முடிந்தது, சர்வரிலிருந்து வெளியேதான் போக முடியவில்லை. கடைசியில் அதன் செட்டிங்கைத் திறந்து, "அட" என்றார்.

"மத்ததெல்லாம் புதுப் பெட்டிய தானா கண்டுபுடிச்சிக்கிச்சு சார். இதுல மட்டும் வெளிய போற வழிய யாரோ கையால எழுதி வச்சிருக்காங்க. பழைய பெட்டியோட நம்பரு. இல்லாத வாசல்ல போய் நின்னுட்டு இருக்குது."

அவள்தான் எழுதியிருப்பாள். சர்வீஸ்காரர் புது நம்பரைப் போட்டார். முடங்கிக் கிடந்த புக்கிங்கெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன. வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து அம்பு நகர்ந்தது. இத்தனை நாளும் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். வேலை எதையும் பார்க்கவில்லை. நேராக மலைக்குப் போய்ச் சுற்றத் தொடங்கினாள்.

"சார், யாரோ வெளியாளு உள்ள பூந்துட்டான்!" என்று சர்வீஸ்காரர் ஒயரில் கை வைத்தார்.

"புடுங்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "என்னங்க, அது நம்ம பொண்ணுங்க."

அவர் திரையைப் பார்த்தார். அம்பு உச்சியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் அதன் பின்னாலேயே போனது. அவருக்கும் அந்தப் பழக்கம் தெரியும். மனசு இளகிவிட்டது என்றே நம்பினேன், பைத்தியக்காரி.

"எனக்கு ஏது பொண்ணு? புடுங்குப்பா" என்றார்.

அம்பு பாதிச் சரிவில் நின்றது. சர்வீஸ்காரர் அவள் உள்ளே வரும் வழியை அழித்து, பாஸ்வேர்டை எல்லாம் மாற்றி, ஒயரைத் திரும்பச் செருகினார். என் முகத்தைப் பார்க்காமலேயே பையை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறப் போகவில்லை.

கிரிவலத்தைப் பாதியில் விடக் கூடாது என்பார்கள். அவள் விட்ட இடம் எனக்குத் தெரியும். மவுஸைப் பிடித்து, அங்கிருந்து அடிவாரம் வரை மீதியை நான் சுற்றி முடித்தேன். பழக்கமில்லாத கை, அம்பு கோணல்மாணலாகப் போயிற்று.

இப்போது நெட் நன்றாக வருகிறது. பௌர்ணமிக்கு ரூமெல்லாம் நிரம்பிவிடுகிறது. மத்தியானம் தட்டோடு போய் அந்தத் திரை முன்னால்தான் உட்காருகிறேன். நான் தொட்டால்தான் அம்பு நகர்கிறது.