மூன்றாவது மாடிக் கடல்

அடையாறில் ஒரு காலி மனைக்கு மேலே ட்ரோனை நிறுத்தி, அங்கிருந்து கடல் தெரிகிற மாதிரி படம் எடுத்துத் தர வேண்டும் என்றார் அந்த அண்ணாச்சி. தி.நகரில் அவருக்கு ஜவுளிக் கடை. புடவை விற்று அலுத்துப்போய், வீடு கட்டி விற்க இறங்கியிருந்தார். மனையில் அப்போது தூண்களுக்கு வெட்டிய குழிகளும், அவற்றில் தேங்கிய தண்ணீரும், அதில் குடும்பம் நடத்திய கொசுக்களும்தான் இருந்தன. ஆனால் அவர் கையிலிருந்த பளபள நோட்டீஸில் ஐந்து மாடிக் கட்டடம் எழும்பி நின்றது. அதன் பால்கனியில் ஒரு பெண் காபிக் கோப்பையோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மாடியில இருந்தே கடல் தெரியும்மா. நீங்க அதை மட்டும் காட்டினாப் போதும்," என்றார்.

நான் பதினாறு வருஷம் கணினி கம்பெனி ஒன்றில், மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை என்னையே பிழை என்று கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேளச்சேரி வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் சீரியல் பார்த்தேன். அதற்கு மேல் முடியாமல் பயிற்சிக்குப் போய், ட்ரோன் ஓட்ட உரிமம் வாங்கினேன். நான் திரையைப் பார்த்து ஓட்டும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு ஆள் வேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்தவள் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தோழி. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். அரசாங்கம் அங்கிருந்து கிளப்பி ஊருக்கு வெளியே பத்தாவது மாடியில் கொண்டுபோய் வைத்த பிறகும், ஆட்டோவை அடையாறில்தான் ஓட்டுகிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் என்னை 'யக்கா' என்பாள். கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாருமே அவளுக்கு யக்காதான்.

மாசி மாதம் ஒரு நாள், காலை ஆறரை மணிக்குப் போனோம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிப் படுத்திருக்கும். மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே இருப்பது மேலே போகாது. ட்ரோன் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. சுவரில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி அசையாமல் நிற்கும்.

நின்றது. ஆனால் அதே மூடிக்குக் கீழேதான் அடையாறின் டீக்கடைப் புகை, குப்பை கொளுத்திய புகை, பஸ் புகை, இரவுப் பனி எல்லாமும் மாட்டிக்கொண்டு கிடந்தன. திரையில் மோர்க் குழம்பைக் கொட்டிய மாதிரி இருந்தது.

"இன்னாக்கா, கடல் எங்க கீது?" என்றாள் தோழி.

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா எனுக்குந்தான் தெரியும். ஆட்டோல போய்க்கினே கீறேன் டெய்லி."

படம் தேறாது, இன்னொரு நாள் மத்தியானம் வந்து எடுக்கிறேன் என்று அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எடுத்ததை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பார்த்துவிட்டு அவர் சந்தோஷப்பட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "பரவால்லம்மா, மலை வாசஸ்தலம் கணக்கா இருக்கு. இதையும் வச்சிக்கிடுதேன்." பிறகு, மத்தியானம் எடுக்கும்போது திரையின் ஓரத்தில் வரும் உயரக் கணக்கை எடுத்துவிடச் சொன்னார். "அந்த நம்பர் எதுக்குங்கேன்? ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கும்."

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரிங்கண்ணாச்சி" என்றேன். பிழை கண்டுபிடித்தே பிழைத்தவள், புதுத் தொழிலில் முதல் ஆறு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பதினொன்றரை மணிக்குப் போனோம். வெயில் ஏறிவிட்டால் அந்த மூடி கழன்றுவிடும். மொட்டை மாடிகளும் தகரக் கூரைகளும் தார்ச் சாலையும் காய்ந்து, அவற்றின் மேலிருந்து காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். மரங்கள் இருக்கிற பக்கம் அது கீழே இறங்கும். புகையும் அதோடு கிளம்பிப் போய்விடும். தூரம் பளிச்சென்று தெரியும். ஆனால் ட்ரோன் ஷேர் ஆட்டோவில் கடைசி ஆளாக ஏறியவன் மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் மூன்றாவது மாடி உயரத்தில் நிறுத்தினேன். கிழக்கே எதிர்க் கட்டடத்தின் சமையலறை ஜன்னலும் ஒரு முருங்கை மரமும் தெரிந்தன. ஐந்தாவது மாடி. இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், ஒரு செல்போன் கோபுரம். ஏற்றிக்கொண்டே போனேன். பத்து மாடி உயரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்த மாதிரி இருந்தது. அது யாரோ மாடியில் கட்டியிருந்த தார்ப்பாய். பதினைந்து மாடி உயரத்துக்குப் போன பிறகுதான் நிஜமான கடல் வந்தது. அழகாகத்தான் இருந்தது. கப்பல் ஒன்றுகூட நின்றது. ஓரத்தில் வரும் எண்களை அணைத்துவிட்டுப் படம் எடுத்தேன்.

இறக்கலாம் என்று நினைத்தபோது மணி பன்னிரண்டே கால். அன்றைக்குக் கடற்காற்று எனக்காகக் காத்திருக்கவில்லை.

"யக்கா, தென்னமரத்தப் பாரு!" என்று கத்தினாள் தோழி.

கிழக்கே நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. சூடாகி லேசாகிவிட்ட நிலக் காற்றுக்குக் கீழே கடலின் குளிர்ந்த காற்று புகுந்து தள்ளிக்கொண்டு வந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப் தகரக் கூரைக்கு மேலே ட்ரோன் ஒரு தூக்கு தூக்கப்பட்டது. அடுத்த நொடி மேற்கே இழுத்துக்கொண்டு போனது. பலத்த காற்று, பலத்த காற்று என்று திரையில் சிவப்பு எழுத்து ஓடியது, எனக்குத் தெரியாத மாதிரி. பேட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலியாகத் தெரிந்த ஒரு மொட்டை மாடியில் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். கடைசி நிமிஷத்தில் கொடியில் காய்ந்த எட்டு முழ வேட்டி ஒன்று பறந்து வந்து ட்ரோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

நாங்கள் படியேறிப் போனபோது ட்ரோனைக் காணவில்லை. கவிழ்த்து வைத்த பச்சை பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றுதான் இருந்தது. அதன் மேலே ஒரு செங்கல். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மாமி உட்கார்ந்திருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் காய்கறிக்கு மயிலாப்பூர்தான் போவாராம்.

"யாருடி நீங்க? எங்காத்துல எட்டிப் பாக்கறேளா?"

"இல்ல மாமி, பக்கத்து மனைல படம் எடுத்துட்டு இருந்தோம். காத்துல வந்துடுச்சு."

"காத்து வந்தா நீங்க இறக்கிண்டு போக வேண்டாமோ? ஆத்துக்காரர் வேஷ்டியைப் பாருங்கோ, தோரணம் மாதிரி ஆயிடுத்து."

"மாமா உள்ள இல்லாதப்ப வேஷ்டி கிழிஞ்சது, அத்தொட்டு சந்தோசப்படு மாமி," என்றாள் என் தோழி. நான் அவள் காலை மிதித்தேன். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கியபடியே செங்கலை எடுத்தார். பக்கெட்டில் கை வைத்தவர் நிறுத்தினார்.

"பக்கத்து மனையா? அப்போ அந்தப் பனி வீடியோ எடுத்தது நீங்கதானா?"

தலையாட்டினேன். மாமி போனை எடுத்துக் காட்டினார். என் மோர்க் குழம்புப் படம்தான். பின்னால் வீணை இசை வேறு சேர்த்திருந்தார்கள். "மூன்றாவது மாடியிலிருந்து காலைக் காட்சி, பனி விலகினால் கடல்" என்று எழுதியிருந்தது. மாமி அதைப் பார்த்துத்தான் மகளுக்காக மூன்றாவது மாடியில் வீடு பதிவு செய்திருந்தார்.

"நிஜமாவே தெரியுமா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சொல்லிவிட்டால் இந்த வேலை போய்விடும். அண்ணாச்சி தெரு முழுக்கச் சொல்வார், அடுத்த வேலையும் வராது. பத்து விநாடி நான் கடற்காற்றைப் பற்றி ஏதோ உளறினேன். தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "சாயங்காலம் வரேன் மாமி. நீங்களே பாத்துக்கோங்க," என்றேன்.

அன்றைக்குப் பறக்க வாங்கிய அனுமதி மாலை ஆறு மணி வரை இருந்தது. ஐந்து மணிக்குத் திரும்பிப் போனோம். அதற்குள் கடற்காற்று சண்டையை முடித்துவிட்டு ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தது. வெயிலும் தணிந்து குமிழ்கள் அடங்கியிருந்தன. புகை மூட்டமும் இல்லை. பக்கெட்டிலிருந்து மீட்ட ட்ரோனுக்கு இறக்கை மாற்றி, வேறு பேட்டரி போட்டு, மாமியின் மாடியிலிருந்தே கிளப்பி மனைக்கு மேலே கொண்டுபோனேன். ஓரத்தில் உயரத்தைக் காட்டும் எண்ணைப் பெரிதாக்கி வைத்தேன்.

மூன்றாவது மாடி உயரம். மாமி திரையில் குனிந்தார். "இது யாராத்து கிச்சன்?"

"எதிர் வீடு."

"முருங்கைக்கா நன்னா காய்ச்சிருக்கு." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "மேலே போங்கோ."

போனேன். கடல் வந்ததும், "இது எத்தனாவது மாடி?" என்றார்.

"பதினஞ்சு இருக்கும் மாமி."

"அவர் அஞ்சுதானே கட்டறார்?"

"மீதி பத்த நீ கட்டிக்கோ மாமி," என்றாள் தோழி. "நான் பத்தாவது மாடிலதான் கீறேன். எனுக்கே ஏரிதான் தெரியுது. மழ பெஞ்சா அதுவே வூட்டாண்ட வந்துரும்."

மாமி இந்தத் தடவை அடக்காமல் சிரித்தார். பிறகு அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். உயரக் கணக்கோடு அனுப்பினேன். ஆட்டோவில் வரும்போது, இனி அண்ணாச்சி கூப்பிட மாட்டார் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி போன் செய்தார். "ஏம்மா, கடலைப் படம் புடிக்கச் சொன்னா என் அடிவயித்தைப் படம் புடிச்சிருக்க! அந்தம்மா காலையில கடைக்கே வந்து, பட்டுச்சேலை பாக்க வந்த ஜனங்களுக்கெல்லாம் வீடியோ போட்டுக் காட்டுதாங்க. நான் என்ன சொல்ல?"

"பனி விலகிடுச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டார்.

மாமி வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் வங்கிக்காரர். விலையைக் குறைக்க வைத்து, மூடிய கார் நிறுத்தம் ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு, அதே வீட்டை வைத்துக்கொண்டார். "கடல் தெரியலைன்னா போறது, மாப்பிள்ளை எப்பவும் போனைத்தான் பாத்துண்டிருப்பார்," என்றார். நோட்டீஸில் 'கடல் காட்சி' போய் 'கடற்காற்று' வந்தது. அது பொய்யில்லை என்பதால் அண்ணாச்சி ஒரு வருஷம் கழித்து என்னையே மறுபடி கூப்பிட்டார். என்மேல் கோபம் தணிந்ததா, வேறு யாரும் கிடைக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் எழும்பிவிட்ட கட்டடத்தின் மூன்றாவது மாடிக் கிழக்கு ஜன்னலில் வெள்ளைத் திரைச்சீலை கட்டி வைத்திருந்தார்கள். அது கடற்காற்றில் பறப்பதை வெளியே இருந்து ட்ரோனில் எடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி ஆனது, ஒன்று ஆனது. அன்றைக்கென்று மேற்குக் காற்று அனலாக வீசிக் கடற்காற்றைக் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தது. திரைச்சீலை பறக்காமல் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. அண்ணாச்சி கடையிலிருந்து பெரிய ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றை வரவழைத்தார். "உள்ள வச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்," என்றேன். "வரும், இருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலோரம் கிடந்த சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்தார். தோழி கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தை மூன்று பேரும் சாப்பிட்டோம். அண்ணாச்சி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மணிக்குச் சற்று முன்பு தரையில் கிடந்த காலிச் சாக்குகள் சலசலத்தன. கழுத்து வியர்வை சில்லென்று ஆனது. திரைச்சீலை ஒரு தடவை தயங்கி, பிறகு அறைக்குள்ளே முழுசாக விரிந்து அண்ணாச்சியின் தலையை மூடியது. நான் ட்ரோனைக் கிளப்பினேன்.

எடுத்ததைக் காட்டியபோது மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு, "ஃபேன்னா இன்னும் கொஞ்சம் நல்லா பறந்திருக்கும்," என்றார்.