மேலே நின்றவர்

லிப்ட்காரர் கதை எழுதப் போனது தானாக ஆசைப்பட்டு அல்ல. வீட்டில் வாய் திறப்பதே அபூர்வமாகிவிட்ட மனுஷன் காகிதத்திலாவது பேசட்டும் என்று அவர் மனைவிதான் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். தேவாலயத்தின் பின்னறையில், சனிக்கிழமை மதியங்களில் கதை எழுதும் வகுப்பு. நடத்தியவர் அந்தச் சபையின் போதகரான ஆயரின் மனைவி. லிப்ட்காரரைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் எல்லோருக்கும் ஆயரம்மா.

முதல் நாள் பாடம், கதையில் வரும் மோதல்கள். மனிதனோடு மனிதன், இயற்கையோடு, சமூகத்தோடு, எந்திரத்தோடு, தன் மனசோடு என்று பலகையில் எழுதிப்போட்டார்.

“மாமியாருக்கும் மருமகளுக்கும்னு ஒண்ணு இருக்கே, அது எதுல சேரும்?” என்றாள் ஒரு தையல்கார அக்கா. அறையே சிரித்தது.

“எல்லாத்துலயும் சேரும்,” என்றார் ஆயரம்மா. “ஆனா இதெல்லாம் கிளைங்கதான். ஆண்டவர் முகத்தைப் பார்க்க முடியாம மனுஷன் ஒளிஞ்சுக்கிறான் பாருங்க, அங்கதான் வேர். உங்க கதையில வர்ற ஆள் எதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கான்னு தேடிப் பாருங்க.”

லிப்ட்காரர் நோட்டில் ‘எந்திரத்தோடு’ என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

எழுத அவரிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் நடந்தது. அவரும் அவருடைய கூட்டாளியும் ஒரே கம்பெனியில் இருபது வருஷம் லிப்ட் பழுது பார்த்தவர்கள். கூட்டாளிக்குத் தடித்த கண்ணாடி என்பதால் பெயரே சோடாபுட்டி ஆகிவிட்டது. அன்று ஓர் அலுவலகக் கட்டடத்தில் சோடாபுட்டி லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தார். குழிச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கிவிட்டால் லிப்ட் நகராது. அன்று நகர்ந்தது. இறங்கிய பெட்டி அவருடைய இடது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பொத்தான் சரியாகத்தான் இருக்கிறது, இவர் அமுக்க மறந்திருக்கிறார் என்று விசாரணையில் எழுதினார்கள். சோடாபுட்டியும் அதையே நம்பினார்.

அடுத்த வாரம் ஆயரம்மா கதையைத் திருப்பிக் கொடுத்தார். “நல்லா வந்திருக்குண்ணே. ஆனா லிப்டுக்குன்னு ஒரு மனசு கிடையாதே, அது எப்படிச் சண்டை போடும்? அதோட, மேல மெஷின் ரூம்ல ஒருத்தர் நின்னார்னு ஒரு வரி வருது. அப்புறம் அவரைக் காணவே காணோம்.”

“அவர் சும்மா நின்னாரும்மா.”

“சும்மா நின்னவரை எதுக்கு எழுதுனீங்க?”

லிப்ட்காரர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். வீட்டுக்குப் போய் வேறு மாதிரி எழுதிப் பார்த்தார். அவசரப்படுத்திய கம்பெனியை வில்லனாக்கினார். பாதியிலேயே பேனா நின்றது. ஆலயத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து தொடங்கும்போதெல்லாம் ஜெனரேட்டர் பார்க்கிறேன் என்று ஆறு வருஷமாக தான் வெளியே நழுவுவதற்கு எந்தக் கம்பெனி மேல் பழி போடுவது?

மறுநாள் காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பே அந்தப் பொத்தான் பழுதாகி லிப்ட் ஓடாமல் நின்றுவிட்டது. புதுசு வரும்வரை லிப்ட் ஓடட்டும் என்று, பொத்தான் வேலை செய்யாதபடி அவரே தனியாக ஒரு ஒயர் போட்டு இணைத்திருந்தார். புதுசு வந்தது, மாட்டினார். அந்த ஒயரை எடுக்க மறந்தார். கீழே பொத்தான் தடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அன்று மெஷின் ரூமில் நின்று லிப்டை இயக்கியதும் அவர்தான். ஆஸ்பத்திரி வண்டி போன கையோடு, யாரும் பார்க்குமுன் ஒயரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மனைவி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “அந்த அண்ணனைப் பார்க்கப் போறப்பல்லாம், கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்லண்ணேன்னு நான் அவர்கிட்டச் சொல்லியிருக்கேங்க. நீங்க பக்கத்துலதான உட்கார்ந்திருந்தீங்க?”



அன்று சாயங்காலமே லிப்ட்காரர் சோடாபுட்டியின் வீட்டுக்குப் போனார். சோடாபுட்டி ஒரு மிக்சியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். காலை இழந்தபின் அதுதான் பிழைப்பு. “வா மச்சான்,” என்றார். லிப்ட்காரர் நின்றபடியே சொல்லி முடித்தார்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

“அப்ப நான் அமுக்குனேன்.”

“அமுக்குன, மச்சான்.”

“ராத்திரி பகலா யோசிச்சிருக்கேன்டா. அமுக்குன மாதிரியே விரல்ல இருக்கும். அப்புறம் எனக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு விட்டுருவேன்.” உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “இவகிட்டச் சொல்லு. சத்தமாச் சொல்லு.”

லிப்ட்காரர் மறுபடி சொன்னார். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மன்னிச்சிரு,” என்றார் லிப்ட்காரர்.

“போயிரு,” என்றார் சோடாபுட்டி.

மறுநாள் லிப்ட்காரர் நடந்ததைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பழைய அறிக்கையைத் திருத்தினார்கள். இவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பூட்டும் மின்விளக்கும் பார்த்துக்கொள்கிறார். “மன்னிப்பு கேட்க வேண்டியது நம்ம கடமை, கொடுக்குறது அவர் இஷ்டம். அதை நாம பிடுங்க முடியாதுண்ணே,” என்றார் ஆயரம்மா. அதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன மாதம் சோடாபுட்டியின் மனைவி போன் செய்தாள். “திருத்துன அறிக்கையை வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் எடுத்துக் காட்டுறார். மனசு கொஞ்சம் தெளிஞ்சிருக்கு.”

“என்னைப் பத்தி ஏதாவது...”

“உங்க பேச்சை எடுத்தா, கட்டையை ஊனி எந்திருச்சு வெளிய போயிடுறார்ண்ணே.”

“சரிம்மா,” என்றார் லிப்ட்காரர். அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.