அப்பாவுக்கு வேர்க்காத ஊர்

எங்கள் ஊரில் உப்பு அழும். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் அப்பாவுக்கு உப்பு மண்டி. சித்திரை பிறந்துவிட்டால் போதும், மூட்டைகளுக்கு அடியில் ஈரம் கசிந்து சிமெண்டுத் தரையில் ஓட ஆரம்பிக்கும். வீட்டு ஜாடியைச் சாய்த்தால் பாதி கல்லும் பாதி தண்ணீருமாக விழும். தீப்பெட்டியை அடுப்போரம் வைத்திருந்தால்தான் குச்சி பற்றும். அப்பளத்தைப் பொரித்த கையோடு தின்றுவிட வேண்டும். ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்தால் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும்போதே மறுபடி வேர்க்கும். உலகம் பூராவும் கோடை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காற்றுதான் அப்பாவின் நெஞ்சிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கோடையில் அவருக்கு இழுப்பு. படுக்க முடியாது. சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்துவது போல இழுத்து எடுப்பார். ஒரு விசில் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் தூங்கி, எழுந்து, படித்து, வளர்ந்தேன். அது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் எப்போதும் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் என்னைத் திருவண்ணாமலையில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுப்பவர். மாமனார் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலத்திலேயே கிடப்பார். டவுன் வீட்டில் மாமியார் ராஜ்யம்தான். அத்தைக்கு வாய் ஓயாது. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அதனால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

அந்த ஊரில் என் முதல் கோடையை என்னவென்று சொல்ல! வாசலுக்குப் போனால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி முகத்தில் அறையும். உதடு வெடிக்கும். சாயங்காலம் ஆனால் மலை, பகல் முழுக்க வாங்கி வைத்த சூட்டைத் திருப்பித் தரும். ஆனால் ரவிக்கை நனையவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் மாவு தடவிய மாதிரி உலர்ந்திருந்தது. கொடியில் போட்ட புடவையின் இந்த முனையை இழுத்து விடுவதற்குள் அந்த முனை காய்ந்துவிட்டது. உப்பு ஜாடியைச் சாய்த்தேன். கல் கலகலவென்று கொட்டியது. மண்பானைத் தண்ணீரைக் குடித்தபோது பல் கூசியது. எங்கள் வீட்டிலும் மண்பானை உண்டு. ஆனால் அதில் தண்ணீர் வெறுமனே தண்ணீராக இருக்கும், அவ்வளவுதான். "ஐஸ் போட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

என் வீட்டுக்காரர்தான் ஐஸ் கட்டி வாங்கி வந்து ஒரு பித்தளைச் சொம்பில் போட்டுக் காட்டினார். சொம்பின் வெளிப்புறம் லேசாக மங்கியது, அவ்வளவுதான். கடலூருக்குப் போன சமயம் அதே மாதிரி ஒரு சொம்பில் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்து முத்தாகப் பூத்து, வழிந்து, பலகையில் குளம் கட்டிவிட்டது.

"இவ்ளோ தண்ணி உங்க ஊர்க் காத்துல இருக்குது. ஏற்கெனவே ஜாஸ்தி குடிச்சிட்ட காத்து. உன் வேர்வைய எங்க வாங்கும்? எங்க ஊர்க் காத்து தாகத்துல இருக்குது. பானைமேல கசியறத குடிச்சிடும், உன் மேல இருக்கறதயும் குடிச்சிடும். அது குடிக்கக் குடிக்கத்தான் நமக்குக் குளுமை" என்றார்.

காற்று இப்படித் தண்ணீரைக் கக்க ஆரம்பிக்கிற குளிருக்குப் பனிநிலை என்று பாடத்தில் பேர் உண்டாம். பேர் எனக்கு எதற்கு? பிறந்ததிலிருந்து நான் தண்ணீருக்குள்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அடுத்த கோடையில் அப்பா பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிடுவதாகப் பிடிவாதம். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைக்கலாம், படுத்து எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அன்றைக்கு என்ன காரணமோ, பஸ் வரவில்லை. வேறு வழியில்லாமல் கூடத்தில் பாய் விரித்தோம்.

விடிந்ததும் எழுந்து வந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. பார்த்தால் அப்பா மல்லாந்து படுத்திருக்கிறார். தலையணைகூட நகர்ந்து கிடக்கிறது. அவர் மல்லாந்து படுத்து நான் பார்த்ததே கிடையாது. போய்விட்டார் என்றே நினைத்துவிட்டேன். குனிந்து அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். அவசரத்தில் என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன்மா. போ" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மார்பு சத்தமில்லாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தீபத்தைப் பார்த்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஊரில் கைகூப்பிய முதல் தரிசனம் அதுதான். அத்தையும் வந்து நின்று பார்த்தார். இந்த ஊர்க் காற்றில் அப்பாவுக்கு இழுப்பு வரவில்லை என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

இழுப்பில்லாத மார்பு வந்ததும் அப்பாவுக்குத் திமிரும் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம்தான் பஸ் என்றதும், அதற்குள் மலையைச் சுற்றிவிட்டு வருவதாகக் கிளம்பினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, உச்சி வெயில்ல சுத்தாதீங்க. கொடையாவது எடுத்துக்கினு போங்க" என்றார் அத்தை.

அப்பா சட்டைக்குள் கையை விட்டுக் காட்டினார். "இது என்னங்க வெயில்? ஒரு சொட்டு வேர்க்கல பாருங்க. எங்க ஊர்ல இந்நேரம் சட்டையப் புழிஞ்சி காயப் போட்டிருப்பேன்."

கடற்கரைக்காரன் வெயிலை அளக்கிற விதம் அது. கழுத்து நனைந்தால் வெயில், நனையாவிட்டால் நிழல். நானும் கடலூர்க்காரிதான், அதனால் எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். யாரோ புண்ணியவான் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தான். நாக்கு வறண்டு, பேச்சுக் குழறி, காலில் சதை இழுத்துக்கொண்டிருந்தது. தெருமுனை டாக்டர் ஓடிவந்து, வாயில் உப்புப் போட்ட மோரும் கஞ்சியுமாக விடச் சொல்லி, உடம்பை ஈரத்துணியால் சுற்றச் சொன்னார்.

கொஞ்சம் தெளிந்ததும் அப்பா டாக்டரிடம் வழக்காடினார். "எனக்கு வேர்க்கவே இல்லீங்க. அப்பறம் எப்படி?"

"வேர்க்கலன்னு யார் சொன்னது? நல்லா வேர்த்துது. நீங்க பாக்கறதுக்குள்ள காத்து குடிச்சிடுச்சி. சட்டையத் திருப்பிப் பாருங்க."

அப்பா நீலச் சட்டை போட்டிருந்தார். நான் கழற்றி வைத்திருந்ததை எடுத்து விரித்தேன். முதுகுப் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. அத்தை விரலால் தொட்டு, அப்படியே நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

அப்பா அந்தச் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வாழ்நாளெல்லாம் உப்பு விற்றவர். உப்பளப் பாத்தியில் கடல்தண்ணீர் தேங்கி, காய்ந்து, உப்பாகப் பூப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர். "என் முதுகுலயே பாத்தி கட்டிட்டுதே இந்த ஊரு" என்றார். அவர் குரலில் பயம் இல்லை, வியப்புதான் இருந்தது.

எழுந்து நடக்க முடிந்ததும் ஊருக்குக் கிளம்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தண்ணிய குடிச்சிக்கினு, வெயில்ல போகாம இருந்தா இங்க உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அங்க போய் மறுபடியும் முழங்கால்ல கைய ஊனிக்கினு உக்காரப் போறீங்களா? மரியாதைய மார்ல கட்டிக்கினு மூச்ச விட்டுடுங்க" என்று கத்தினேன். பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா என்று இப்போது கேட்டால், ஆமாம், அந்தப் பேச்சேதான்.

அத்தை நிதானமாகச் சொன்னார்: "சம்பந்தி, நாங்க சோறு போடறோம்னுதானே கூசறீங்க? உங்களுக்கு வேணுங்கறது காத்து. காத்து என்ன எங்க வீட்டு சொத்தா? வருஷா வருஷம் சித்திரைக்கு வந்துட்டுப் போங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்த சித்திரையில் வந்தார். எங்கள் வீட்டுக்கு அல்ல. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு ஓட்டு வீட்டில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டு, மறுநாள் சாவகாசமாக வெற்றிலை பாக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "காத்து உங்களுது இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க சம்பந்தியம்மா. அதான், வேற எடத்துல நின்னு வாங்கிக்கிறேன்."

அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று. நல்லதுக்குச் சொன்ன வார்த்தை இப்படித் திரும்பி வந்து கடிக்கும் என்று யார் கண்டார்கள்? எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. பெண் வீடு இருக்க எதற்கு வாடகை அறை என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். ஆனால் அவர் விசில் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

அப்படியே பல கோடைகள் போயின. அத்தை ஆண்டுதோறும் பங்குனி கடைசியில் குயவர் வீட்டுக்குப் போய்ப் புதுப் பானை ஒன்று பார்த்து வாங்கி, அப்பா அறைக்கு அனுப்பிவிடுவார். அதை மட்டும் அப்பா வேண்டாம் என்று சொன்னதில்லை. பக்கத்து அறையில் ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாள். குளிர்தேசத்துக்காரி. அவள் படுக்கை விரிப்பை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவாளாம். அப்பா முதலில் கேலி செய்தார். ஒருநாள் அந்த விரிப்புக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்து அசந்துபோய், தானும் வேட்டியை நனைத்துக் கட்ட ஆரம்பித்தார். அவள் ஊரில் பனிக்காலத்தில் கணப்புப் போட்ட அறை இதைவிட வறண்டிருக்குமாம். அங்கே அடுப்பின்மேல் தண்ணீர் வைத்துக் காற்றுக்குக் குடிக்கக் கொடுப்பார்களாம். "ஒவ்வொரு ஊருக்கும் காத்துக்கு ஒரு பசி இருக்குதும்மா" என்று என்னிடம் வந்து சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி கண் விரிந்திருந்தது.

அந்த வித்தையைக் கடலூருக்கும் கொண்டுபோனார். அங்கே ஜன்னல் கதவையெல்லாம் சாத்தி, ஈர வேட்டியைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். வேட்டி காயவே இல்லை. அறை இட்லிப்பானை ஆகிவிட்டது. அம்மா கதவை உடைக்காத குறையாகத் திறந்து வெளியே இழுத்துப் போட்டாள். அதே வேட்டி, அதே தண்ணீர். ஓர் ஊரில் மூச்சைக் கொடுக்கிறது, இன்னோர் ஊரில் பிடுங்குகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

எண்பதுகளில் ஒரு சித்திரை. அந்த முறை கடலூரிலேயே அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். அத்தை வழக்கம்போலப் பானை வாங்கி, அறைக்கு அனுப்புவதற்காக முற்றத்தில் வைத்திருந்தார். காலையில் வாசலில் நிழல் தட்டியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பா நேராக வந்திருக்கிறார். கையில் டிரங்குப் பெட்டி. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்தே எனக்கு அந்த விசில் கேட்டது.

நான் ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"சம்பந்தியம்மா. செங்கம் ரோடு வரைக்கும் போக முடியல. இங்கியே எனக்கு ஒரு பாய் போடுவீங்களா?"

யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷன். என் கல்யாணத்துக்குக்கூடக் கடன் கேட்காதவர்.

வாய் ஓயாத என் அத்தை சட்டென்று எழுந்தார். இறங்கிப் போய் அவர் கையிலிருந்த பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். கூடத்தில் பாயை விரித்தார். முற்றத்திலிருந்த புதுப் பானையைத் தூக்கி வந்து, அவர் தலைமாட்டில் மணல் பரப்பி அதன்மேல் வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

சில நாள் கழித்து ஒரு விடியற்காலை. கூடத்தில் சத்தமே இல்லை. நான் மெதுவாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலை வைக்கவில்லை. பானையின் வெளிப்புறம் ஈரம் பூத்து, பூத்த இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"இருக்கேன்மா" என்றார் அப்பா. இந்த முறை போ என்று சொல்லவில்லை.